அஞ்சும் பிள்ளையின் அருகில்

 

அன்பின் பெற்றோர்களே! இளைஞர்களே, யுவதிகளே!

இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட விடயம் பிள்ளைகளின் அச்சம். ஓரிரு நாள் வந்து போகும் பயத்தை நான் கூறவில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரு பிள்ளையின் நெஞ்சில் அமர்ந்திருந்து, அதன் உணவையும் உறக்கத்தையும் படிப்பையும் விளையாட்டையும் கெடுக்கும் அச்சத்தையே கூறுகின்றேன். எமது நாட்டு உளநல வைத்தியர்கள் தமிழில் அதனைப் 'பதகளிப்பு' என்பர். எமது ஊர்களில் அதற்கென ஒரு பெயர் இல்லை. 'சோம்பல்' என்போம். 'நடிப்பு' என்போம். 'செல்லம் கூடிப் போயிற்று' என்போம். 'ஈமான் குறைவு' என்றும், 'எதையோ கண்டு பயந்திருக்கின்றது' என்றும் சொல்வோம். இவற்றுள் ஒரு பெயரை நானும் என் பிள்ளைக்குச் சூட்டியிருக்கின்றேன். ஆகையால் பிறர் வீட்டுக் குறையைப் பேசுமுன் என் வீட்டுக் குறையைக் கூறி ஆரம்பிப்பதே நீதியாகும்.

2025ஆம் ஆண்டு என் மூத்த மகள் தரம் ஐந்தில் கற்றுக்கொண்டிருந்தாள். வயது பத்து. புலமைப் பரிசில் பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன. ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு விடுவாள். சில காலைகளில் வாந்தியும் எடுப்பாள். வைத்தியரிடம் காட்டினோம். வயிற்றில் நோய் எதுவும் இல்லை என்றார். மாதிரி வினாத்தாள் எழுத வேண்டிய நாட்களில் மட்டுமே நோவு வருகிறது என்பதை நான் கவனித்தேன். கவனித்தது சரி, அதிலிருந்து நான் எடுத்த முடிவு தவறு. பிள்ளை நடிக்கின்றாள் என்று முடிவு செய்தேன். ஒரு நாள் காலையில் சற்று உரத்த குரலில், "மௌலவியுடைய பிள்ளைக்கே தவக்குல் இல்லையென்றால் ஊரார் பிள்ளைக்கு நான் எதைச் சொல்வது?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சீருடை அணிந்து பாடசாலைக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து வயிற்று நோவு என்ற பேச்சே வீட்டில் இல்லை. கண்டிப்பு பலன் தந்துவிட்டது என்று மனைவியிடம் பெருமையாகவும் கூறினேன். பத்து நாட்கள் சென்றிருக்கும். மனைவி பிள்ளையின் புத்தகப் பையைக் கழுவ எடுத்தபோது, அடியில் நான்கு காலையுணவுப் பொதிகள் பிரிக்கப்படாமலேயே பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. உண்டால் பாடசாலையில் வாந்தி வந்து விடுமோ, அது வாப்பாவின் காதுக்கு எட்டி விடுமோ என்று அஞ்சி, பிள்ளை பசியோடு இருந்திருக்கின்றாள். நோவு போகவில்லை. என்னிடம் சொல்லும் துணிவுதான் போயிருந்தது.

அன்றிரவு, எங்களோடு வசிக்கும் என் உம்மா என்னைத் தனியே அழைத்தார். அவர் அதிகம் பேசுபவர் அல்லர். "மகன், நீங்க உங்கட கடல மறந்திட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தஸ்பீஹைக் கையில் எடுத்துக்கொண்டார்.

என் கடல் எது என்று உங்களுக்குக் கூற வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கிழக்குக் கரையைத் தாக்கியபோது எனக்கு வயது பதின்மூன்று. சாய்ந்தமருதில், கடற்கரைக்கு அண்மித்த ஒரு வீதியில் எங்கள் வீடு இருந்தது. அந்த ஞாயிறு காலையில் நடந்தவற்றை இங்கு விவரிக்கப் போவதில்லை. என் சாச்சாவும், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த இருவரும் திரும்பவில்லை. நான் தப்பினேன். ஆனால் கடல் என் காதுக்குள் வந்து தங்கிவிட்டது. இரவில் தென்னையோலை அசைந்தாலும் எழுந்து உட்காருவேன். பாடசாலைக்குப் போக இரு வழிகள் இருந்தன. கடல் தெரியும் வழியை விட்டு, பிரதான வீதியால் சுற்றிக்கொண்டு போவேன். பதின்மூன்று வயது ஆண்பிள்ளை இப்படி அஞ்சுவதைப் பார்த்துச் சிலர் இரங்கினர், சிலர் சிரித்தனர். உறவினர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், என்னை இழுத்துக்கொண்டு போய் அலைக்குள் நிறுத்தினார். பயம் தெளிந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அதன் பிறகு பல இரவுகள் நான் படுக்கையை நனைத்தேன். அந்த வயதில் அது எத்தகைய வெட்கம் என்பதை அனுபவித்தவரே அறிவர்.

உம்மா அதன்பின் என்னை எவரிடமும் ஒப்படைக்கவில்லை. இனிக் கடல் வராது என்று அவர் எனக்கு ஒருபோதும் சொன்னதில்லை என்பதை இன்று நினைத்து வியக்கின்றேன். ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டபோது அவர், "வருமா வராதா என்று அல்லாஹ்தான் அறிவான். வந்தால் எந்த வழியால் ஓடுவதென்று எனக்குத் தெரியும், வாங்க காட்டுறன்" என்றார். வீட்டிலிருந்து வயற்பக்கமாகச் செல்லும் வழியை என்னோடு நடந்து காட்டினார். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. அதற்குப் பிறகே கடலின் பக்கம் திரும்பினோம். அஸர் தொழுதுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு புறப்படுவார். முதல் நாள், அலையோசை மெல்லக் கேட்கும் தெருமுனை வரையே போனோம். என் நெஞ்சு படபடத்தது. "திரும்புவம்" என்றேன். "கொஞ்சம் நிப்பம்" என்றார். படபடப்புத் தணியும் வரை நின்றோம். வரும் வழியில் கச்சான் வாங்கித் தந்தார். நான்கு நாட்கள் அதே முனை. ஐந்தாம் நாள் அடுத்த வீதி. மணலில் கால் வைக்க எமக்கு ஐந்து மாதங்கள் சென்றன. அன்று என் கையைப் பிடித்திருந்த அவருடைய கையும் வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. கடல் அவருக்கும் அச்சமாகவே இருந்திருக்கின்றது என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

அன்பானவர்களே! என் உம்மா எந்த நூலையும் வாசித்து இதைச் செய்யவில்லை. நானோ ஏழாண்டுகள் அரபுக் கல்லூரியில் ஓதியவன். ஹிராக் குகையின் ஹதீஸை எத்தனை தடவை ஓதியும் ஓதிக்கொடுத்தும் இருப்பேன்! ஆனால் அந்த இரவுக்குப் பின்னர்தான் அதை ஒரு தகப்பனாக வாசித்தேன்.

ஸஹீஹுல் புகாரியின் ஆரம்பத்திலேயே, அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் அந்த நீண்ட செய்தி இடம்பெறுகின்றது. முதல் வஹீயைப் பெற்ற நாற்பது வயது முஹம்மத் (ஸல்) அவர்கள், நெஞ்சம் நடுங்கத் தம் வீட்டை வந்தடைகின்றார்கள். தம்மைப் போர்த்திவிடுமாறு கேட்கின்றார்கள். அந்த வீட்டில் அடுத்து என்ன நடந்தது என்பதை, நடந்த ஒழுங்கிலேயே பாருங்கள். கதீஜா (ரழி) அவர்கள் என்ன, ஏது என்று விசாரணையைத் தொடங்கவில்லை. 'நீங்கள் ஓர் ஆண்மகன் அல்லவா, ஏன் நடுங்குகின்றீர்கள்?' என்றும் வினவவில்லை. வீட்டார் முதலில் போர்த்தினார்கள். திடுக்கம் நீங்கும் வரை அப்படியே இருக்க விட்டார்கள். அதன் பிறகே நபியவர்கள் தாமாகவே நடந்ததைக் கூறுகின்றார்கள். தமக்கு என்ன நேருமோ என்று அஞ்சுவதாகவும் கூறுகின்றார்கள். முழுவதையும் கேட்டு முடித்த பின்புதான் கதீஜா நாயகி பேசுகின்றார்கள். அப்போதும் வெறும் ஆறுதல் வார்த்தையாக, 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லி விட்டுவிடவில்லை. அல்லாஹ் உங்களை இழிவுபடுத்த மாட்டான் என்று உறுதி கூறி, அதற்குச் சான்றுகளையும் அடுக்குகின்றார்கள்: நீங்கள் உறவைப் பேணுகின்றீர்கள், பிறர் சுமையைச் சுமக்கின்றீர்கள், இல்லாதவர்க்கு உழைத்துக் கொடுக்கின்றீர்கள், விருந்தினரை உபசரிக்கின்றீர்கள், துன்பத்தில் உதவுகின்றீர்கள். பதினைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்து கண்டவை அவை. அதோடும் நிற்கவில்லை. தம்மால் விளக்க முடியாத ஒன்று இதில் உள்ளது என்று உணர்ந்து, வேதங்களைக் கற்றறிந்த வரகா பின் நவ்ஃபலிடம் அழைத்துச் செல்கின்றார்கள். நபியவர்களைத் தனியே அனுப்பவில்லை, தாமும் உடன் செல்கின்றார்கள்.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கின்றோம். பிள்ளை நடுங்கும்போதே உபதேசம் தொடங்கி விடுகின்றது. அது பேச ஆரம்பித்தால் பாதியில் மறிக்கின்றோம். அறிந்தவரிடம் போவதற்கோ ஊர் என்ன சொல்லுமோ என்று வெட்கப்படுகின்றோம். போர்வை மட்டும் எங்கள் கையிலேயே மடித்தபடி இருக்கின்றது.

அச்சம் ஈமானின் குறைவு என்று எண்ணுவோர் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை அருள்மறையில் பார்க்கட்டும். தம் கைத்தடி பாம்பாக நெளிந்தபோது அவர்கள் புறமுதுகிட்டு ஓடினார்கள் என்பதை அல்குர்ஆன் மறைக்காமல் கூறுகின்றது. அல்லாஹ் அவர்களைப் பழிக்கவில்லை. திரும்பி வரச் சொன்னான், அஞ்சாமல் அதைப் பிடிக்கச் சொன்னான், பிடித்தால் அது முன்னைய நிலைக்கே மாறிவிடும் என்றும் முன்கூட்டியே அறிவித்தான். பின்னர் ஃபிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்டபோது, தமக்கு அச்சமாக உள்ளது என்றும், தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தரவேண்டும் என்றும் அந்த நபி கேட்கின்றார். அந்தக் கோரிக்கை ஏற்கப்படுகின்றது. பயணம் ரத்தாகவில்லை, ஆனால் துணை கொடுக்கப்பட்டது. என் உம்மாவின் தெருமுனை எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது.

இஸ்லாமிய அறிஞர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், உடலினதும் உள்ளத்தினதும் நலன்களைப் பற்றி 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை எழுதினார். உடலுக்கு நோய் வருவது போன்றே உள்ளத்துக்கும் வரும் என்றும், மருந்தை முன்கூட்டியே வீட்டில் வைத்திருப்பது போல நல்ல எண்ணங்களை மனம் அமைதியாக உள்ள வேளையிலேயே சேமித்து வைக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். அஞ்சும் பொருளுக்குக் கண்ணையும் காதையும் திரும்பத் திரும்பப் பழக்குவதை அச்சத்துக்குரிய சிகிச்சையாகக் கூறினார். இன்றைய உளவியல் சிகிச்சையில், அஞ்சுவதைச் சிறு சிறு படிகளாக அணுகச் செய்தல் என்பது பதகளிப்புக்கான முதன்மையான முறைகளுள் ஒன்றாகும். அதன் காரணம் எளியது. அஞ்சுவதிலிருந்து விலகும்போது பிள்ளைக்கு உடனே நிம்மதி கிடைக்கின்றது. அந்த நிம்மதியே, 'விலகினாய், ஆகவே தப்பினாய்' என்று மனத்துக்குக் கற்பித்து விடுகின்றது. அடுத்த முறை அச்சம் இரட்டிப்பாகின்றது. அருகிலேயே நின்று, படபடப்புத் தானாகத் தணிவதை ஒரு தடவை கண்டுவிட்டால், மனம் வேறு பாடத்தைக் கற்கின்றது.

வயிற்று நோவும் பொய்யல்ல. அச்சம் வரும்போது, ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகின்றது. இதயம் வேகமாகத் துடிக்கின்றது, மூச்சு மேலெழுகின்றது, சமிபாடு குழம்புகின்றது. பாம்பைக் கண்டாலும் வினாத்தாளைக் கண்டாலும் உடல் செய்வது ஒன்றே. ஆகவே 'நடிக்காதே' என்று பிள்ளைக்குச் சொல்வது, காய்ச்சலில் கிடப்பவனிடம் 'சுடாதே' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

என் மகளின் கதைக்குத் திரும்புகின்றேன். மறுநாள் இஷாவுக்குப் பின் அவளருகில் போய் அமர்ந்து, முதலில் மன்னிப்புக் கேட்டேன். தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையும் என்று எண்ணுகின்றீர்களா? எனக்குக் குறையவில்லை. ஆனாலும் அவள் அன்று வாய் திறக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள், சந்தையிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, என் முதுகுக்குப் பின்னாலிருந்து பேச்சு வந்தது. முகம் பார்த்துக் கேட்கும்போது பேசாத பிள்ளைகள், முகம் பாராத வேளையில் பேசுவார்கள் என்பதை அன்று கற்றேன். அவள் அஞ்சியது கணக்குக்கோ கட்டுரைக்கோ அல்ல. "வாப்பா, நீங்க சாச்சிக்கு போன்ல சொன்னீங்கதானே, நான் எப்படியும் பாஸ் ஆகிடுவேன், எங்கட குடும்பத்தில முதல் ஆளென்று. ஆகல்லென்டா என்ன செய்வீங்க?"

அதுவரை நான் தேடிக்கொண்டிருந்த காரணம் என் வாயிலேயே இருந்திருக்கின்றது.

இருநூறு புள்ளிகளுக்கான ஒரு பரீட்சை. வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப் பணமும், பெயர்பெற்ற பாடசாலையில் இடமும் கிடைக்கச் செய்யும் நல்ல நோக்கத்தோடு அரசாங்கம் நடத்துவது அது. நாம் அதை என்னவாக ஆக்கியிருக்கின்றோம்? சந்திக்குச் சந்தி பிள்ளைகளின் புகைப்படத்தோடு பதாகைகள். வட்ஸ்அப் குழுமங்களில் யார் பிள்ளைக்கு எத்தனை என்ற விசாரணை. பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு குடும்பத்தின் மானத்தை ஏற்றி வைத்துவிட்டு, அது நடுங்கினால் தவக்குல் இல்லை என்கின்றோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. கட்டுவதற்குரிய கயிற்றை நாமே அவிழ்த்துவிட்டு, தவக்குலைப் பிள்ளையிடம் கேட்பது எந்த நியாயம்?

'ஆகாவிட்டால் என்ன செய்வீர்கள்' என்ற கேள்விக்கு, 'நீ கட்டாயம் ஆவாய்' என்பது பதில் அல்ல. உம்மாவின் பாடம் அப்போது உதவியது. எனக்கும் தெரியாது என்று சொன்னேன். ஆகாவிட்டால் இதே பாடசாலையில் தரம் ஆறுக்குப் போவாய், அடுத்த ஜனவரியில் புதிய சீருடை தைப்போம், முடிவு வரும் நாளன்று என்ன புள்ளியாயினும் நாம் ஐவரும் கல்முனைக்குப் போய் ஐஸ்கிறீம் சாப்பிடுவோம் என்றேன். ஓடும் வழியை நடந்து காட்டுவதென்பது இதுதான் என்று எண்ணுகின்றேன். சாச்சியைத் தொலைபேசியில் அழைத்து, அவள் கேட்கும்படியாகவே என் பேச்சைத் திருத்திக்கொண்டேன்.

பின்னர் படிகளைத் தொடங்கினோம். மாதிரி வினாத்தாளைக் கொஞ்ச நாட்கள் நிறுத்தவில்லை, குறைத்தோம். முதலில் கடிகாரம் இல்லாமல், சமையலறையில் உம்மாவின் அருகில் இருந்து ஒரு பக்கம். அது சலிப்பூட்டும் அளவுக்குப் பழகிய பின் முழு வினாத்தாள். அடுத்துக் கடிகாரத்தோடு. அதன்பின் மச்சியோடு ஒரே மேசையில். நெஞ்சு படபடத்தால் எழுந்து ஓடாமல், மூச்சை மெதுவாக உள்ளெடுத்து, எடுத்ததிலும் பார்க்க நீளமாக வெளியே விட வேண்டும் என்று பழகினோம். நானும் கூட இருந்து செய்தேன். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதுவார்கள் என்று அனஸ் (ரழி) அறிவிக்கின்றார்கள். அந்தத் துஆவை அவள் முன்பே மனனமிட்டிருந்தாள். ஆனால், 'நபியவர்களுக்கும் கவலை வருமா வாப்பா?' என்று அப்போதுதான் கேட்டாள். வராமலா அதை அடிக்கடி கேட்டிருப்பார்கள் என்றேன். அவள் முகத்தில் தெரிந்த ஆச்சரியத்தை நான் மறக்கவில்லை. தான் மட்டும்தான் இப்படி என்று அதுவரை அவள் எண்ணியிருந்திருக்கின்றாள்.

எல்லா வாரமும் முன்னேற்றம் இருந்தது என்று கூறினால் அது பொய். ஒரு கிழமை நன்றாகப் போகும். மறு கிழமை மீண்டும் வாந்தி. எனக்குப் பொறுமை போன நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் மனைவி என்னைப் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டுத் தான் போய் அருகில் அமர்ந்துகொள்வாள்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. தகப்பன்மார் பெரும்பாலும் அதட்டுவதில் தவறு செய்கின்றோம்; நீங்கள் பெரும்பாலும் இரக்கத்தில் தவறுகின்றீர்கள். பிள்ளை அழுகின்றது என்று இன்று ஒரு நாள் வீட்டில் வைத்திருப்பீர்கள். நாளையும் அழும். கடைக்குப் போக அஞ்சினால் நீங்களே போவீர்கள், வீட்டுக்கு வந்தவருக்கு ஸலாம் சொல்லக் கூசினால் நீங்களே பதில் சொல்வீர்கள். சிறிது சிறிதாகப் பிள்ளையின் உலகம் ஓர் அறையளவுக்குச் சுருங்கி விடும். போர்த்துவது வேறு, போர்வைக்குள்ளேயே வளர்ப்பது வேறு. ஹிராவிலிருந்து வந்த நபியவர்கள் போர்வையிலேயே தங்கிவிடவில்லை. எழுந்து எச்சரிக்குமாறு பின்னர் வஹீ வந்தது.

ஆனால் இங்கு ஒன்றைக் கண்டிப்பாகக் கூற வேண்டும். பிள்ளை ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு, ஒரு குறிப்பிட்ட வகுப்புக்குப் போக மாட்டேன் என்று திடீரென மறுத்தால், அங்கே படிப்படியாகப் பழக்கும் வேலையைத் தொடங்காதீர்கள். முதலில் காரணத்தை அறியுங்கள். அது உறவினர் வீடாக இருக்கலாம். மேலதிக வகுப்பாக இருக்கலாம். குர்ஆன் மத்ரஸாவாகவும் இருக்கலாம். இதைக் கூற எனக்கு நா கூசுகின்றது, ஆயினும் கூறாமல் விடுவது அமானிதத்துக்கு மோசடியாகும். சில அச்சங்கள் பிள்ளையைக் காப்பதற்காக அல்லாஹ் வைத்தவை. பிள்ளை சொன்னால் நம்புங்கள். சிறுவர் பாதுகாப்புக்காக 1929 என்ற இலக்கம் இந்த நாட்டில் இருக்கின்றது. ஊர் மானத்துக்காக அந்த அழைப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.

பயமுறுத்தி வளர்க்கும் பழக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசாமல் விட இயலாது. உண்ணாவிட்டால் பேய்க்குக் கொடுப்பேன், உறங்காவிட்டால் பொலிஸைக் கூப்பிடுவேன், குழப்படி செய்தால் டொக்டரிடம் சொல்லி ஊசி போடுவேன். இப்படிச் சொல்லி வளர்த்த பிள்ளை, உண்மையில் நோய் வரும்போது வைத்தியரைக் கண்டு அலறுவதில் என்ன வியப்பு? பயணமொன்றில் உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் பொருளை மற்றவர்கள் வேடிக்கையாக எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை அபூதாவூத் பதிவு செய்திருக்கின்றது. வளர்ந்த ஒருவருக்கே இப்படியென்றால் மூன்று வயதுக் குழந்தைக்கு எப்படி? நரகத்தைப் பற்றி மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை ரஹ்மானை எங்கே கண்டுகொள்ளும்? எமது மத்ரஸாக்களில் கற்பிப்போரும், என்னையும் சேர்த்து, இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஓதிப் பார்த்தலைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்பதுண்டு. ஹஸன், ஹுஸைன் (ரழி) இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடி ஓதினார்கள். இப்ராஹீம் (அலை) தம் மக்களுக்கு அவ்வாறே ஓதினார்கள் என்றும் கூறினார்கள். ஆகவே தாராளமாக ஓதுங்கள். அதை நீங்களே, உங்கள் கையைப் பிள்ளையின் தலையில் வைத்து, உறங்கப் போகும் வேளையில் செய்யுங்கள். ஜின் பிடித்துவிட்டது என்று கூறிப் பிள்ளையை அடிப்பவரிடமும், ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவரிடமும் கொண்டு போகாதீர்கள். அச்சம் வாரக்கணக்கில் நீடித்து, பாடசாலையும் உணவும் உறக்கமும் கெட்டால் வைத்தியரிடம் செல்லுங்கள். பிள்ளை வாழ்வையே வெறுத்துப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உள்ளன. கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கென்றே அச்சேவை உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைத்துப் பேசலாம். அங்கு போனால் பைத்தியம் என்று பெயர் வரும், நாளை கலியாணம் தடைப்படும் என்று அஞ்சுகின்றவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: வரகாவிடம் போனதால் கதீஜா நாயகியின் வீட்டுக்கு என்ன இழுக்கு வந்தது?

இளைஞர்களே, யுவதிகளே! உங்களில் சிலர் இதை வாசிக்கும்போது, தம்பி தங்கையை நினைக்கவில்லை, உங்களையே நினைக்கின்றீர்கள் என்பதை அறிவேன். உயர்தரப் பெறுபேறு, வேலை, வீட்டின் எதிர்பார்ப்பு. இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடக்கும் உங்கள் கையில் தொலைபேசி மட்டும் துணை. உங்கள் உம்மா வாப்பா என்னைப் போல ஒரு தடவை தவறாகப் பதில் சொல்லியிருக்கக் கூடும். அதனால் நீங்கள் சொல்வதை நிறுத்தியிருக்கவும் கூடும். இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள். அவர்களிடம் இயலாவிட்டால் மாமாவிடம், சாச்சியிடம், ஓர் ஆசிரியரிடம் சொல்லுங்கள். மூஸா நபி ஹாரூனைக் கேட்டார்கள் அல்லவா? உங்கள் வீட்டில் அஞ்சும் ஒரு தம்பி இருந்தால், கேலி செய்ய வரும் வார்த்தையை விழுங்கிவிட்டுக் கடைவரைக்கும் அவனோடு நடந்து போங்கள்.

பரீட்சை நாளன்று காலையில் என் மகளுக்கு வயிறு நொந்தது. மறைக்காமல் சொன்னாள். இரண்டு பேரீச்சம்பழமும் கொஞ்சம் தேநீரும் குடித்தாள். மண்டப வாசலில் என் கையை விடும்போது அவளுடைய கை ஈரமாக இருந்தது. உள்ளே போனாள், எழுதினாள், வந்தாள். பெறுபேறு வந்தபோது வெட்டுப்புள்ளிக்குப் பதினொரு புள்ளிகள் குறைவாக இருந்தன. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "ஐஸ்கிறீம் இருக்கிறதுதானே வாப்பா?" என்று கேட்டாள். ஐவரும் போனோம். உம்மா தமக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று கூறிக்கொண்டே இரண்டு சாப்பிட்டார்.

இப்போதும் தவணைப் பரீட்சையின் முதல் நாள் காலையில் அவளுக்கு அந்த நோவு வருகின்றது. பாயில் சுருண்டு கொள்வதில்லை. நான் ஓதிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வந்து, "வாப்பா, வந்திட்டுது" என்று சொல்லி அருகில் அமர்கின்றாள். நான் முஸ்ஹஃபை மூடி வைத்துவிட்டு, அது போகும் வரை அவளோடு இருக்கின்றேன்.

எம் மக்கள் அனைவரின் உள்ளங்களையும் அல்லாஹ் அமைதியில் வைப்பானாக, ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.